பதினான்கு ஆட்டம், ஒரே தோல்வி: கார்லைல் அணியின் 1912

1912 செப்டம்பர் 21 முதல் நவம்பர் 28 வரையிலான 69 நாட்களில் கார்லைல் இந்தியன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி 14 ஆட்டங்கள் ஆடியது. 12 ஆட்டங்களில் வென்றது, ஒன்று சமனில் முடிந்தது, ஒன்றில் தோற்றது. எடுத்த புள்ளிகள் 504, விட்டுக்கொடுத்தவை 114. அந்த ஆண்டு அமெரிக்கக் கல்லூரி அணிகளில் இத்தனை புள்ளிகளைக் குவித்த அணி வேறு இல்லை. இவ்வளவுக்கும் கார்லைல் ஒரு கல்லூரியே அல்ல. பழங்குடிப் பிள்ளைகளுக்காக அமெரிக்க அரசு நடத்திய உறைவிடத் தொழிற்பள்ளி அது. ஹார்வர்டு, பென்சில்வேனியா, சிரக்யூஸ் போன்ற பல்கலைக்கழக அணிகளோடு அந்தப் பள்ளி சரிக்குச் சரியாக மோதியதும், பல தடவை அவற்றை மண்ணைக் கவ்வவைத்ததும் இந்த விளையாட்டின் வரலாற்றில் தனி அத்தியாயம்.

பென்சில்வேனியா மாநிலத்தின் கார்லைல் ஊரில், கைவிடப்பட்ட பழைய ராணுவக் குடியிருப்பில், 1879-ல் இந்தப் பள்ளியைத் தொடங்கியவர் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி. மேற்குச் சமவெளிகளில் பழங்குடியினருக்கு எதிரான போர்களில் பங்கெடுத்தவர். பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்தும் ஊரிடமிருந்தும் பிரித்துக் கொண்டுவந்து, அவர்களுடைய அடையாளத்தை அழித்து, வெள்ளையர் வாழ்க்கைக்குப் பழக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது அவருடைய கொள்கை. வந்து இறங்கியதும் பிள்ளைகளின் நீண்ட கூந்தல் வெட்டப்பட்டது. ஆங்கிலப் பெயர் சூட்டப்பட்டது. தாய்மொழியில் பேசினால் தண்டனை. அரை நாள் பாடம், அரை நாள் தச்சு, தையல், கொல்லு வேலை, அச்சு வேலை. ராணுவச் சீருடை, அணிவகுப்பு. நோயில் விழுந்து ஊர் திரும்பாமலே இறந்த பிள்ளைகள் பள்ளி வளாகத்திலேயே புதைக்கப்பட்டார்கள். அந்தக் கல்லறைகளிலிருந்து எலும்புகளைத் தோண்டியெடுத்து உறவினரிடம் ஒப்படைக்கும் வேலையை அமெரிக்க ராணுவம் 2017-ல்தான் தொடங்கியது. கார்லைல் அணியின் வெற்றிகளைப் பேசும்போது இந்தப் பின்னணியை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமாகாது.

கால்பந்து ஆடுவதை பிராட் முதலில் அனுமதித்தாலும், 1890-ல் ஓர் ஆட்டத்தில் மாணவர் ஒருவரின் கால் முறிந்ததும் வெளி அணிகளோடு ஆடுவதற்குத் தடை விதித்தார். சில ஆண்டுகளில் மாணவர்கள் கூட்டமாக வந்து அவரிடம் வாதாடினார்கள். பிராட் இறங்கிவந்து இரண்டு நிபந்தனைகள் போட்டார். எதிரணி எப்படி ஆடினாலும் இவர்கள் கை ஓங்கக் கூடாது. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் மிகப் பெரிய அணியை வீழ்த்திக் காட்ட வேண்டும். மாணவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 1893 முதல் கார்லைல் முறையாக அணி இறக்கியது. 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பழைய ஆட்டக்காரரான கிளென் ஸ்கோபி வார்னர், 'பாப்' வார்னர் என்று எல்லோராலும் அழைக்கப்பட்டவர், பயிற்சியாளராக வந்தார். இடையில் மூன்று ஆண்டுகள் கார்னெலுக்குப் போய்விட்டு 1907-ல் திரும்பிவந்தார்.

வார்னர் கையில் கிடைத்தவர்கள் எடை குறைந்தவர்கள், ஆனால் வேகமானவர்கள். அன்றைய அமெரிக்கக் கால்பந்தோ எடைக்காரர்களின் ஆட்டம். அதன் அடிப்படை எளிது: நீள்முட்டை வடிவப் பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பதுதான் இலக்கு. அதற்கு டச் டவுன் என்று பெயர். அதைத் தொடர்ந்து பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் கூடுதலாக ஒரு புள்ளி. ஆட்டத்தின் போக்கில் அப்படி உதைத்தால் அது ஃபீல்ட் கோல், மூன்று புள்ளி. பந்தை வைத்திருக்கும் அணிக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வாய்ப்புகள் உண்டு. ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். அத்தனை டவுன்களுக்குள் 10 யார்டு முன்னேறினால் புது வாய்ப்புகள் கிடைக்கும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அன்று ஒரே 11 பேர்தான் தாக்கவும் தடுக்கவும் வேண்டியிருந்தது. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் இது கூட்டமாகக் கை கோத்துக்கொண்டு ஒரே புள்ளியில் முட்டி மோதும் ஆட்டமாக இருந்தது. மைதானத்திலேயே உயிர் போவது வாடிக்கையாகி, 1905-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பேசவேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது.

அதன் விளைவாக 1906-ல் பந்தை முன்னோக்கி எறிவது சட்டபூர்வமானது. பெரிய கல்லூரிகள் இதைச் சந்தேகத்தோடு பார்த்தன. எறிவதை ஏதோ கோழைத்தனம்போல் நினைத்த பயிற்சியாளர்கள் இருந்தார்கள். கார்லைல் அப்படி நினைக்கவில்லை. 1907-ல் அந்த அணி பந்தைச் சுழலவிட்டு நீளமாக எறிந்து, ஓடிப் பிடித்து, பென்சில்வேனியாவை 26-6, ஹார்வர்டை 23-15 என்று தோற்கடித்தது. நவீன அமெரிக்கக் கால்பந்தின் முகம் அந்தப் பருவத்தில்தான் முதன்முதலாகத் தெளிவாகத் தெரிந்தது என்று சொல்வது மிகையல்ல. 1910-ல் கை கோத்துக்கொண்டு முட்டுவதும் தடைசெய்யப்பட்டது.

1912-ல் வந்த மாற்றங்கள் கார்லைலுக்காகவே செய்ததுபோல் அமைந்தன. மைதானத்தின் நீளம் 110 யார்டிலிருந்து 100 ஆகக் குறைந்தது. இரு முனைகளிலும் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் 10 யார்டு பகுதி சேர்க்கப்பட்டு, அங்கே எறிந்த பந்தைப் பிடித்தாலும் டச் டவுன் என்றானது. 20 யார்டுக்கு மேல் எறியக் கூடாது என்ற கட்டுப்பாடு நீங்கியது. டச் டவுனின் மதிப்பு 5 புள்ளியிலிருந்து 6 ஆனது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, 10 யார்டு முன்னேற மூன்றாக இருந்த டவுன்கள் நான்காகின. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தொடர்ந்து தாக்கும் அணிக்கு இது பெரிய வரம். இன்றுவரை ஆட்டத்தின் எலும்புக்கூடு இதுதான்.

வார்னர் இதற்கேற்ற ஓர் ஆட்ட அமைப்பை ஏற்கெனவே செதுக்கிக்கொண்டிருந்தார். சிங்கிள் விங் என்று பிற்காலத்தில் நிலைத்த அதை அன்று கார்லைல் அமைப்பு என்றே சொன்னார்கள். முன்வரிசையில் ஒரு பக்கம் ஆட்கள் கூடுதலாக நிறுத்தப்படுவார்கள். பின்வரிசையில் ஒருவர் வரிசையின் ஓரத்துக்கு வெளியே நகர்ந்து நிற்பார். நடுவில் இருப்பவர் பந்தை நேராகப் பின்னால் நிற்கும் முதன்மை ஓட்டக்காரருக்கு எறிவார். அவர் ஓடலாம், எறியலாம், உதைக்கலாம்; என்ன செய்யப்போகிறார் என்று கடைசிக் கணம்வரை எதிரணிக்குத் தெரியாது. மூன்றையும் ஒருவரே தேர்ச்சியோடு செய்தால்தான் இந்த அமைப்பு வேலை செய்யும். கார்லைலிடம் அப்படி ஒருவர் இருந்தார்.

ஜிம் தோர்ப், சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்தவர். 1887-ல் இன்றைய ஓக்லஹோமா மாநிலத்தில் பிறந்து, 1904-ல் கார்லைலுக்கு வந்தவர். 1909-ல் பள்ளியை விட்டுப் போய் இரண்டு கோடைகள் வட கரோலினாவில் சிறு சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடினார். வார்னர் அழைத்ததன்பேரில் 1911-ல் திரும்பினார். அந்தப் பருவத்தில் ஹார்வர்டை 18-15 என்று கார்லைல் வென்றபோது நான்கு ஃபீல்ட் கோல்களை அவரே உதைத்தார். சிரக்யூஸிடம் மட்டும் 12-11 என்று ஒரு புள்ளியில் தோற்றது அணி. 1912 ஜூலையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸ். பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தோர்ப் தங்கம் வென்றார். கார்லைலில் படித்த ஹோப்பி இனத்தவரான லூயிஸ் டெவானிமா 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். ஆகஸ்டில் ஊர் திரும்பியவர்களை கார்லைல் நகரம் ஊர்வலமாக வரவேற்றது.

அதே ஆண்டு நடந்த இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். தோர்ப்பின் பெயரில் ஓக்லஹோமாவில் நிலம் இருந்தது. அதன் குத்தகைப் பணம் அவர் கைக்கு வராது. அரசு நியமித்த முகவர்தான் அதை வைத்திருப்பார். தன்னுடைய பணத்தில் 100 டாலர் வேண்டும் என்று தோர்ப் சார்பில் கேட்டபோது, ஊர் சுற்றுவதை விட்டு நிலத்தில் வேலை பார்க்கட்டும் என்ற பாணியில் பதில் எழுதி முகவர் மறுத்துவிட்டார். பழங்குடியினர் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 1924-ல்தான்.

தோர்ப் அணித்தலைவராகக் களமிறங்கினாலும், 1912 அணியை ஒற்றை ஆளின் அணி என்று எழுதிவிட்டுப் போவது பெரிய தவறு. பத்திரிகைகள் அன்றும் அப்படித்தான் எழுதின. ஆட்டத்தை நடத்தியவர் குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச், விஸ்கான்சின் மாநிலத்து ஒஜிப்வே இனத்தவர். எந்த டவுனில் என்ன ஆடுவது என்று களத்தில் முடிவெடுத்தவர் அவர்தான். பயிற்சியாளர் வெளியிலிருந்து சொல்லிக்கொடுப்பது அன்றைய விதிப்படி குற்றம். வாஷிங்டன் மாநிலத்து கொல்வில் பகுதியிலிருந்து வந்த அலெக்ஸ் அர்காசா இன்னொரு ஓட்டக்காரர். நேர் மோதலுக்கு வட கரோலினாவின் செரோக்கியான ஸ்டான்சில் பவல். நடுவில் ஜோ பெர்ஜி. மினசோட்டாவின் ஒயிட் எர்த் பழங்குடி ஒதுக்கிடத்திலிருந்து வந்த ஜோ கையான் முன்வரிசையில் தடுப்புச் சுவர். கலிபோர்னியாவிலிருந்து வந்த பீட் கலாக் அந்த ஆண்டுதான் அணிக்குள் நுழைந்தார். ஒருவர் பேசும் மொழி இன்னொருவருக்குப் புரியாத ஊர்களிலிருந்து வந்தவர்கள். தாய்மொழிகளை மறக்கடிப்பதற்காகத் திணிக்கப்பட்ட ஆங்கிலம்தான் களத்தில் இவர்களுக்குப் பொதுமொழி.

பருவத்தின் தொடக்கம் உள்ளூர்ச் சிறு கல்லூரிகளோடு. ஆல்பிரைட்டை 50-7, லெபனான் வேலியை 45-0, அதே ஊர்க்காரர்களான டிக்கின்சனை 34-0. அக்டோபர் 2 அன்று ஹாரிஸ்பர்க் நகரில் வில்லனோவாவை 65-0. நான்கு ஆட்டங்களில் 194 புள்ளி எடுத்து 7 மட்டுமே கொடுத்திருந்தார்கள். அத்தோடு சொந்த ஊரிலும் பக்கத்திலும் ஆடிய ஆட்டங்கள் முடிந்தன. மீதி எல்லாமே ரயிலேறிப் போய் ஆடியவை. காரணம் பணம். கார்லைல் ஒரு சிற்றூர். அங்கே ஆடினால் வசூல் தேறாது. பெரிய நகரங்களின் மைதானங்களில் ஆடினால் நுழைவுக் கட்டணத்தில் கணிசமான பங்கு கிடைக்கும். அந்த வருமானத்தில்தான் பள்ளியில் ஆட்டக்காரர் விடுதியும் ஓவியக்கூடமும் எழுந்தன. வெள்ளையர் கூட்டம் பணம் கொடுத்துப் பழங்குடி அணியைப் பார்க்க வந்தது. ஆட்டக்காரர்கள் ஓடி விழுந்து எழுந்ததன் பலன் பள்ளியின் தடகளச் சங்கத்தின் கணக்கில் ஏறியது.

அக்டோபர் 5, வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன் கல்லூரி. பதினைந்து நாளில் ஐந்தாவது ஆட்டம். கார்லைல் எல்லைக்கோட்டை நெருங்கும், அங்கே தடுக்கப்படும். தோர்ப் உதைத்த ஃபீல்ட் கோல்களும் குறி தவறின. எதிரணி எறிந்த பந்துகளை அவரே பாய்ந்து பறித்தும் பயனில்லை. 0-0. பெரிய அணிகளோடு வரிசையாக மோத வேண்டிய நேரத்தில் இந்தச் சமநிலை அணியை உசுப்பிவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும். அடுத்த வாரம் சிரக்யூஸில், முந்தைய ஆண்டின் ஒரு புள்ளித் தோல்விக்குக் கணக்குத் தீர்த்தார்கள்: 33-0. அதற்கடுத்த வாரம் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தை 45-8.

அக்டோபர் 26, சனிக்கிழமை, தலைநகர் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் அணியை 34-20 என்று வென்றார்கள். அன்றிரவு ஓய்வில்லை. ரயிலேறி எல்லை தாண்டி, திங்கட்கிழமை 28-ம் தேதி கனடாவின் டொரன்டோவில் அந்நகரத்துத் தேர்ந்தெடுத்த அணியோடு ஆட்டம். பாதி ஆட்டம் அமெரிக்க விதிப்படி, பாதி ஆட்டம் கனடிய ரக்பி விதிப்படி என்று ஒப்பந்தம். கனடிய விதியில் மைதானத்தின் அளவு, டவுன்களின் எண்ணிக்கை, புள்ளிக் கணக்கு எல்லாமே வேறு. பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் உதைத்து, எதிரணி அதை வெளியே கொண்டுவர முடியாமல் அங்கேயே மடக்கப்பட்டால் ஒரு புள்ளி உண்டு. அமெரிக்க ஆட்டத்தில் அப்படியொன்று கிடையாது. முடிவு 49-1. பழக்கமில்லாத விதிகளில், இரண்டு நாளுக்குள் இரண்டாவது ஆட்டத்தில், உள்ளூர் அணிக்கு ஒரே ஒரு புள்ளி விட்டுக்கொடுத்த இந்த வெற்றியை வரலாற்றாசிரியர்கள் போகிற போக்கில் குறிப்பிட்டுவிட்டுக் கடப்பது ஏனென்று தெரியவில்லை. அந்த அணியின் தகவமைப்புத் திறனுக்கு இதைவிட நல்ல சான்று அந்தப் பருவத்தில் இல்லை.

நவம்பர் 2, லீஹை பல்கலைக்கழகம், 34-14. அடுத்தது வெஸ்ட் பாயிண்ட்.

வெஸ்ட் பாயிண்ட், அமெரிக்க ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் கழகம். நவம்பர் 9 ஆட்டம் மற்ற ஆட்டங்களைப் போன்றதல்ல என்று இரண்டு பக்கமும் தெரிந்திருந்தது. தெற்கு டகோட்டாவின் வூண்டட் நீ ஓடைக்கரையில் அமெரிக்கக் குதிரைப்படை லகோட்டா இனத்தவரை, பெண்கள் குழந்தைகள் உட்படக் கொன்று குவித்தது 1890 டிசம்பர் 29. அது நடந்து 22 ஆண்டுகள்கூட ஆகவில்லை. கார்லைல் ஆட்டக்காரர்களில் பலர் அந்தச் சமயத்தில் பிறந்தவர்கள் அல்லது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள். எதிரே நிற்கும் இந்த ராணுவ மாணவர்களின் தந்தையரும் பாட்டன்மாரும்தான் உங்கள் தந்தையரோடும் பாட்டன்மாரோடும் போரிட்டவர்கள் என்று உடைமாற்றும் அறையில் வார்னர் நினைவூட்டினார். அதற்குமேல் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை என்று பின்னாளில் கஸ் வெல்ச் நினைவுகூர்ந்தார்.

ராணுவ அணி எடையில் மேலானது. முதல் டச் டவுனும் அவர்களுடையதுதான். கூடுதல் புள்ளிக்கான உதை தவறியதால் 6-0. கார்லைல் பதிலுக்கு ஒரு டச் டவுன் எடுத்து, தோர்ப்பின் உதையும் சேர, இடைவேளையில் 7-6 என்று ஒரு புள்ளி முந்தியிருந்தது. வார்னர் அன்று புது வரிசை அமைப்பு ஒன்றையும் இறக்கியதாகச் சொல்வார்கள்: ஒரு ஓட்டக்காரருக்குப் பதில் இருவரை வரிசையின் இரு ஓரங்களுக்கும் நகர்த்தி நிறுத்துவது. எந்தப் பக்கம் தாக்குதல் வரும் என்று தடுப்பவர்கள் தீர்மானிப்பதற்குள் பந்து கடந்து போய்விடும். தோர்ப்மீதே ராணுவ அணியின் கண் இருந்தது. கார்லைல் அதையே பயன்படுத்திக்கொண்டது. தோர்ப் ஓடுவதுபோல் பாய்வார், இரண்டு மூன்று பேர் அவர்மேல் விழுவார்கள், பந்து அர்காசாவிடம் இருக்கும்.

இரண்டாம் பாதி தொடங்கியதுமே ராணுவ அணித்தலைவரான லீலண்ட் டெவோர், முதல் பாதி முழுவதும் தன்னை நகரவிடாமல் தடுத்த ஜோ கையான்மேல் வன்மமாகப் பாய்ந்தார். நடுவர் அவரை வெளியேற்றினார். முரட்டு ஆட்டத்துக்காகக் கார்லைலின் பவலும் முன்னதாகவே வெளியேற்றப்பட்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை. ஒரு கட்டத்தில் ராணுவ அணி உதைத்த பந்தைப் பிடித்த தோர்ப், வளைத்துக்கொண்ட கூட்டத்துக்குள் புகுந்து, வளைந்து, தள்ளி, எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார். சக ஆட்டக்காரர் செய்த விதிமீறலுக்காக நடுவர் அதைச் செல்லாதென அறிவித்தார். அன்று பார்த்தவர்கள் பின்னாளில் அதிகம் பேசியது கணக்கில் சேராத அந்த ஓட்டத்தைத்தான். சொல்லச் சொல்ல அதன் நீளமும் கூடிக்கொண்டே போனது.

ராணுவ அணியில் டுவைட் ஐசன்ஹோவர் என்ற 22 வயது மாணவர் இருந்தார். தோர்ப்பை எப்படியாவது சாய்த்து ஆட்டத்திலிருந்து அனுப்பிவிட வேண்டும் என்று அவரும் இன்னொருவரும் திட்டமிட்டு இரு பக்கமிருந்தும் பாய்ந்தார்கள். ஒருமுறை தோர்ப் சட்டென நின்றுவிட, இருவரும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் டஃப்ட்ஸ் ஆட்டத்தில் ஐசன்ஹோவரின் முழங்கால் மோசமாகச் சேதமடைந்து, அவருடைய கால்பந்து வாழ்க்கை முடிந்தது. இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டுப் படைகளின் தளபதியாகவும் பிறகு ஜனாதிபதியாகவும் ஆன பின்னும், தான் பார்த்தவர்களில் தோர்ப்புக்கு இணையான ஆட்டக்காரர் இல்லை என்று அவர் பேசினார்.

இறுதிக் கணக்கு கார்லைல் 27, ராணுவம் 6. நான்கு டச் டவுன்களில் மூன்று அர்காசா எடுத்தவை, ஒன்று பெர்ஜி எடுத்தது. தோர்ப்பின் பங்கு உதைத்த மூன்று கூடுதல் புள்ளிகள். அவர் ஒரு டச் டவுன்கூட எடுக்காத ஆட்டம்தான் அவருடைய மிகச் சிறந்த ஆட்டம் என்று பலர் மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீட்டில் அர்காசாவுக்கு உரிய இடம் கிடைக்காமல் போனது வருத்தத்துக்குரியது.

வெஸ்ட் பாயிண்ட் வெற்றி முடிந்த ஒரே வாரத்தில் பிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ளின் ஃபீல்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம். பருவத்தில் சில ஆட்டங்களைத் தோற்றிருந்த அணி அது. கார்லைல் எளிதாக வெல்லும் என்பதே எதிர்பார்ப்பு. மாறாக, 34-26 என்று கார்லைல் தோற்றது. தோர்ப் நீண்ட ஓட்டங்கள் ஓடிப் புள்ளி சேர்த்தார் என்பது உண்மை. அதே தோர்ப், எறிந்த பந்து எட்டாத தூரத்தில் விழும் என்று நினைத்து அசட்டையாக நின்றுவிட, பென்சில்வேனியாக்காரர் அதைப் பிடித்து டச் டவுன் எடுத்தார் என்பதும் உண்மை. வார்னருக்கு அந்த ஆத்திரம் நெடுநாள் தீரவில்லை. ஆனால் தோல்வியை ஒரு தவறின்மேல் போட்டுவிட முடியாது. முதல் ஏழு ஆட்டங்களில் கார்லைல் கொடுத்த புள்ளிகள் மொத்தம் 15. அடுத்த ஏழு ஆட்டங்களில் கொடுத்தவை 99. தாக்கும் வேகம் குறையவில்லை. தடுக்கும் உடல்கள் களைத்துவிட்டன. அதே 11 பேர் இரண்டு வேலையும் பார்த்துக்கொண்டு, வாரந்தோறும் ரயிலில் தூங்கி எழுந்து ஆடினால் வேறென்ன ஆகும்?

நவம்பர் 23, மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு பயிற்சிப் பள்ளியோடு ஆடியபோதும் இதேதான். 30-24 என்று தப்பித்தார்கள். 30 புள்ளிகளையும் தோர்ப் ஒருவரே எடுத்தார்: நான்கு டச் டவுன், அவற்றில் மூன்றுக்குக் கூடுதல் புள்ளி, ஒரு ஃபீல்ட் கோல். நவம்பர் 28, நன்றி அறிவித்தல் நாளன்று, பிராவிடன்ஸ் நகரில் பனி கொட்டும் மைதானத்தில் பிரவுன் பல்கலைக்கழகத்தை 32-0 என்று வென்று பருவத்தை முடித்தார்கள். கல்லூரி அணியில் தோர்ப் ஆடிய கடைசி ஆட்டம் அது.

அந்தப் பருவத்தில் தோர்ப் 25 டச் டவுன்களும் 198 புள்ளிகளும் எடுத்ததாக வழக்கமான கணக்கு. பந்தோடு 191 தடவை ஓடி 1,869 யார்டு முன்னேறினார். இரண்டு ஆட்டங்களின் விவரம் சேராமலே இந்த எண்ணிக்கை. கால்பந்து வல்லுநரான வால்டர் கேம்ப் ஆண்டுதோறும் வெளியிட்ட நாட்டின் சிறந்த பதினொருவர் பட்டியலில் 1911, 1912 இரண்டு ஆண்டுகளும் அவர் பெயர் முதல் அணியில் இருந்தது. தோல்வியே காணாத ஹார்வர்டுதான் அந்த ஆண்டின் முதல் அணி என்று பின்னாளில் தரவரிசை போட்டவர்கள் தீர்மானித்தார்கள். 1911-ல் தன்னை வீழ்த்திய கார்லைலோடு ஹார்வர்டு 1912-ல் ஆடவே இல்லை.

1913 ஜனவரியில் மாசசூசெட்ஸின் வுஸ்டர் நகரத்துப் பத்திரிகை ஒன்று, தோர்ப் 1909, 1910-ல் காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியதை வெளியிட்டது. ஒலிம்பிக்ஸ் அன்று தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு மூடப்பட்டிருந்தது. வெள்ளையர் கல்லூரி மாணவர்கள் கோடையில் வேறு பெயர் சொல்லிக்கொண்டு இதே வேலையைச் செய்வார்கள். தோர்ப் சொந்தப் பெயரிலேயே ஆடியிருந்தார். தனக்கு எதுவுமே தெரியாது என்றார் வார்னர். தன் அணியின் முதல் ஆட்டக்காரர் இரண்டு ஆண்டுகள் எங்கே போயிருந்தார் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என நம்புவது கடினம். ஒன்றும் அறியாத பழங்குடிப் பள்ளி மாணவன் என்று தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் மன்னிப்புக் கடிதம் தோர்ப் பெயரில் போனது. பதக்கங்கள் பறிக்கப்பட்டன. ஆட்சேபம் எதுவானாலும் போட்டி முடிந்த 30 நாளுக்குள் எழுப்ப வேண்டும் என்ற ஒலிம்பிக் விதியை யாரும் அன்று கண்டுகொள்ளவில்லை. 1982-ல் அந்த விதியை வைத்தே வாதாடி, இணை வெற்றியாளர் என்ற தகுதி மீட்கப்பட்டது. ஒரே வெற்றியாளர் என்று சர்வதேச ஒலிம்பிக் குழு ஒப்புக்கொண்டது 2022-ல். தோர்ப் 1953-லேயே இறந்துவிட்டார்.

பள்ளியின் கணக்குவழக்கும் வெளியே வந்தது. அதற்குக் காரணமானவர் 1912-ன் குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச். பள்ளி நிர்வாகத்தை விசாரிக்கக் கோரி இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கையெழுத்திட்ட மனுவை அவர் கொண்டுபோனார். 1914-ல் நாடாளுமன்றக் குழு கார்லைலுக்கே வந்து விசாரித்தது. வார்னர் மாணவர்களைக் கேவலமாகத் திட்டியது, அடித்தது, தடகள நிதி மனம்போனபடி செலவழிக்கப்பட்டது எல்லாம் சாட்சியங்களில் வெளிப்பட்டன. கண்காணிப்பாளர் மோசஸ் ஃபிரீட்மன் பதவியிழந்தார். வார்னர் அந்த ஆண்டுப் பருவத்தோடு கிளம்பி பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். களத்தில் அவருடைய மேதைமையை யாரும் மறுக்க முடியாது. அந்த மேதைமைக்கு உடல் கொடுத்தவர்களே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள் என்பதும் அதே வரலாற்றில் உண்டு.

வார்னர் போன பிறகு கார்லைல் அணி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1917-ல் கடைசிப் பருவம். 1918-ல் பள்ளி மூடப்பட்டு, கட்டடங்கள் முதல் உலகப்போரில் காயம்பட்டவர்களின் மருத்துவமனையாக ராணுவத்திடமே திரும்பின. 2024 டிசம்பரில் அந்த இடம் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது.

கஸ் வெல்ச் 1919 முதல் 1922 வரை வாஷிங்டன் மாநிலக் கல்லூரி அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். தோர்ப் நியூயார்க் ஜயண்ட்ஸ் பேஸ்பால் அணியில் சேர்ந்து, 1915 முதல் கேன்டன் புல்டாக்ஸ் அணிக்குத் தொழில்முறைக் கால்பந்தும் ஆடினார். இன்றைய தேசியக் கால்பந்து லீகின் முன்னோடிச் சங்கம் 1920-ல் உருவானபோது அதன் முதல் தலைவர் அவர்தான். ஜோ கையான் ஜார்ஜியா டெக் கல்லூரிக்கு ஆடிவிட்டுத் தொழில்முறைக்கு வந்தார். 1922, 1923 பருவங்களில் ஒஹாயோவின் லாரூ என்ற சிற்றூரை முகவரியாகக் கொண்டு, முழுக்கப் பழங்குடி ஆட்டக்காரர்களால் ஆன ஊராங் இந்தியன்ஸ் அணி லீகில் ஆடியது. தோர்ப், கையான், பீட் கலாக் மூவரும் அதில் மறுபடி சேர்ந்து ஆடினார்கள்.